ஒரே பெயர் கொண்ட புயல்களைப் பிரித்தறிய ஒரு களஞ்சியம்: ஐபிட்ராக்ஸ் மதிப்புரை

2017 செப்டம்பரில் டொமினிக்காவையும் புவெர்ட்டோ ரிக்கோவையும் சின்னாபின்னமாக்கிய மரியா புயலின் பெயர், இனி அட்லாண்டிக் பெருங்கடலில் எந்தப் புயலுக்கும் சூட்டப்படக் கூடாது என்று உலக வானிலை அமைப்பின் குழு முடிவு செய்தது. புவெர்ட்டோ ரிக்கோவில் மட்டும் 2,975 பேர் உயிரிழந்ததாக அரசு ஏற்றுக்கொண்ட ஒரு பேரிடரின் பெயரை மறுபடியும் வானொலியில் ஒலிக்கவிடுவது, உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் புண்ணைக் கிளறுவதாகும் என்பதால் அந்த முடிவு மிகச் சரியானது. ஆனால் 2018 ஜூலையில் மரியா என்ற பெயரைத் தாங்கிய சூறாவளி ஒன்று சீனாவின் ஃபூஜியன் மாகாணக் கரையைக் கடந்தது. 2024 ஆகஸ்டில் இன்னொரு மரியா ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் கரையேறியது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. மேற்குப் பசிபிக் பெருங்கடலுக்கு வேறு பட்டியல், வேறு குழு. அந்தப் பட்டியலுக்கு மரியா என்ற பெயரை வழங்கிய நாடும் அமெரிக்காவே.

பழைய புயல்களைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆய்வு செய்கிறவர்கள், மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் ஆகிய அனைவரும் என்றாவது ஒரு நாள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். அதிலிருந்து வெளியேற இன்று கிடைக்கும் கருவிகளில் முதன்மையானது, அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் கீழுள்ள தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையங்கள் நடத்தும் ஐபிட்ராக்ஸ் என்ற தரவுக் களஞ்சியம். இதன் துல்லியத்தையும் அறிவியல் பயனையும் பற்றி வல்லுநர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த மதிப்புரை ஒரே ஒரு கேள்வியை மட்டும் முன்வைத்து இதை அளக்கிறது: ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்ட புயல்களை, பொறுமையுள்ள ஒரு சாதாரண வாசகர் இதைக்கொண்டு தவறில்லாமல் பிரித்தறிய முடியுமா?

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடலாம். ஒரு புயல் வீசும்போது வெளியாகும் அறிவிப்புகள் அவசரத்தில் எழுதப்படுபவை. புயல் ஓய்ந்த பிறகு செயற்கைக்கோள் படங்கள், கப்பல்களின் அளவீடுகள், ரேடார் பதிவுகள் ஆகியவற்றை மீண்டும் அலசி, அது எந்த நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு வலிமையுடன் இருந்தது என்பதை ஒவ்வொரு வட்டார வானிலை மையமும் நிதானமாக வரையறுக்கிறது. டோக்கியோ, புது தில்லி, ரீயூனியன் தீவு, ஃபிஜியின் நாடி, வெலிங்டன், மயாமி என்று உலகெங்கும் சிதறிக் கிடக்கும் இந்தத் திருத்திய பாதைப் பதிவுகளை ஒரே வடிவத்தில் திரட்டித் தருவதே ஐபிட்ராக்ஸின் வேலை. பதிவுகள் 1840-களில் தொடங்குகின்றன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கும் தொல்லையும் இல்லை. முழுத் தரவும் ஒரே கோப்பாகவும், 1980-க்குப் பிந்தையது தனியாகவும், வட்டாரம் வாரியாகவும் கிடைக்கிறது. சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை வடிவத்தில் இறக்கிக்கொண்டால் சிறப்பு மென்பொருள் எதுவும் இல்லாமலே திறந்து பார்க்கலாம்.

பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் களஞ்சியத்தின் அருமை விளங்கும். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஆறு ஆறு பட்டியல்கள் சுழற்சியில் இருக்கின்றன. ஓய்வு கொடுக்கப்படாத, அதாவது மரியாவைப் போல நீக்கப்படாத பெயர் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் முறைக்குக் காத்திருக்கும். மேற்குப் பசிபிக்கில் 14 உறுப்பினர்கள் பத்துப் பத்தாகக் கொடுத்த 140 பெயர்கள், ஆண்டுக் கணக்கைப் பொருட்படுத்தாமல் வரிசையாகச் சூட்டப்பட்டு, தீர்ந்ததும் தலையிலிருந்து தொடங்கும். பிலிப்பைன்ஸ் தன் மக்களுக்காகத் தனியே நான்கு பட்டியல்கள் வைத்திருக்கிறது. வட இந்தியப் பெருங்கடல் இதற்கு விலக்கு: 2004-இல் எட்டு நாடுகள் தந்த 64 பெயர்கள் ஓனிலில் தொடங்கி 2020-இல் ஆம்பனுடன் முடிந்தன, இப்போது நடப்பில் இருப்பது 13 நாடுகளின் 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல். இங்கே ஒரு பெயர் ஒரு முறைதான் சூட்டப்படும். நம்முடைய கடலில் பெயர்க் குழப்பமே இல்லை என்று நிம்மதி கொள்ளத் தோன்றும். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை நிஷா என்ற ஒரு பெயரை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

நிஷா என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது, 2008 நவம்பர் இறுதியில் இலங்கையின் வடபகுதியை வெள்ளக்காடாக்கிவிட்டு, காரைக்கால் அருகே கரையைக் கடந்து, காவிரிப் படுகையில் கொட்டித் தீர்த்த புயல்தான். வங்கதேசம் பரிந்துரைத்த அந்தப் பெயரைக் களஞ்சியத்தின் முழுக் கோப்பில் தேடினால், அந்தப் புயலுடன் தென் பசிபிக் பெருங்கடலிலிருந்தும் நிஷாக்கள் வந்து நிற்கின்றன. 1983 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பாலினீசியாவைத் தாக்கியது ஒன்று, 1993 பிப்ரவரியில் உருவானது ஒன்று, 2010 ஜனவரியில் வந்தது ஒன்று. தென் பசிபிக் பட்டியல் அகர வரிசையில் நகர்வதால், 1993-இல் மிக், நிஷா, ஓலி என்று அடுத்தடுத்து வந்த அதே மூன்று பெயர்கள், 2009 டிசம்பரிலிருந்து 2010 பிப்ரவரிக்குள் அதே வரிசையில் மறுபடியும் வந்திருக்கின்றன. தனித்தனியே இயங்கும் இரண்டு குழுக்கள் ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டன, அவ்வளவுதான். ஆனால் ஆண்டையும் கடலையும் கவனிக்காமல் நிஷா என்ற பெயரை மட்டும் வைத்து வரிகளை வடிகட்டி வரைபடம் போட்டால், வங்கக் கடலிலும் தென் பசிபிக்கிலும் பாயும் ஒரு விசித்திரப் புயல் திரையில் தோன்றும்.

இந்த இடத்தில்தான் ஐபிட்ராக்ஸின் வடிவமைப்பைப் பாராட்ட வேண்டும். அது பெயரைப் புயலின் அடையாளமாகக் கொள்வதே இல்லை. ஒவ்வொரு புயலுக்கும் 13 குறிகள் கொண்ட ஓர் அடையாள எண்ணை அது கொடுக்கிறது: முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பிறகு வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்பதற்கான ஓர் எழுத்து, கடைசி ஐந்தும் புயல் முதன்முதலில் பதிவான இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். ஒரு புயல் எப்போது, எங்கே பிறந்தது என்பதையே அதன் அடையாளமாக ஆக்கியிருக்கிறார்கள். பெயர் மாறலாம், திரும்பலாம், நீக்கப்படலாம். பிறந்த நாளும் பிறந்த இடமும் அப்படியே இருக்கும். கோப்பைத் திறந்ததும் பெயர்ப் பத்தியை ஒதுக்கிவிட்டு இந்த எண்ணை வைத்து வரிகளைத் தொகுத்தால் நான்கு நிஷாக்களும் தத்தம் கடலுக்குப் போய்விடுகின்றன.

பெயருடன் ஆண்டையும் சேர்த்து எழுதினால் போதாதா, இவ்வளவு நீண்ட எண் எதற்கு என்று கேட்கலாம். அட்லாண்டிக்கின் 1954-ஆம் ஆண்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த ஆண்டு ஜூனில் மெக்சிகோ, டெக்சாஸ் எல்லைப் பகுதியைத் தாக்கி ரியோ கிராண்டே ஆற்றில் பெருவெள்ளத்தை உண்டாக்கிய புயலின் பெயர் ஆலிஸ். 1955 ஜனவரி முதல் வாரத்தில், புயலே வரக் கூடாத பருவத்தில், கரீபியனின் லீவர்ட் தீவுகளுக்கு அருகே ஒரு புயல் தென்பட்டது. புத்தாண்டு பிறந்துவிட்டதால் புதிய ஆண்டின் பட்டியலில் முதலில் இருந்த பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பெயர்களையே பயன்படுத்திவந்ததால் அந்த முதல் பெயரும் ஆலிஸ்தான். பிற்பாடு பதிவுகளை அலசியபோது, அந்தப் புயல் 1954 டிசம்பர் 30-ஆம் தேதியே உருவாகிவிட்டது தெரியவந்தது. ஆக 1954-இல் ஒரே கடலில் இரண்டு ஆலிஸ்கள். பெயர், ஆண்டு, வட்டாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொன்னாலும் எதைக் குறிக்கிறோம் என்பது விளங்காத அரிய சந்தர்ப்பம் இது. பிறந்த நாளைத் தாங்கிய எண்ணுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் களஞ்சியம் எனக்கு மதிப்பு வாய்ந்ததாகப் படுகிறது. ஒரு பெயர் பேரிடரால் புகழ்பெற்றுவிட்டால், அதே பெயரில் முன்பு வந்த புயல்கள் நினைவிலிருந்து அழிந்துபோகின்றன. கத்ரீனா என்றால் 2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த புயல் மட்டுமே. ஆனால் 1981 நவம்பரில் கியூபாவைக் கடந்ததும் 1999 அக்டோபரில் நிகரகுவாவில் மழை கொட்டியதும் கத்ரீனாக்களே. கிழக்குப் பசிபிக்கில் 1967-இல் பாஹா கலிபோர்னியாவைத் தாக்கியதும், 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலில் திசை மாறி மாறி அலைந்ததும் கத்ரீனாக்களே. இணையத்தில் பெயரைத் தட்டினால் இவற்றில் ஒன்றுகூட முதல் பக்கத்துக்கு வருவதில்லை. ஐபிட்ராக்ஸிலோ, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு வரி வீதம் ஒவ்வொன்றின் பாதையும் பதிவாகியிருக்கிறது. நிகரகுவாவின் ஆற்றங்கரைகளில் வசித்தவர்களுக்கு 1999-இன் கத்ரீனாதான் கத்ரீனா என்பதை ஒரு பதிவேடு மறக்காமல் வைத்திருப்பது நல்ல விஷயம்.

குறைகளுக்கு வருவோம். முதலாவதும் மிகவும் ஆபத்தானதும் பருவ ஆண்டு என்ற பத்தி. தென் அரைக்கோளத்தில் புயல் பருவம் ஒரு ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடிவதால், முடியும் ஆண்டையே பருவத்தின் பெயராகக் கொள்கிறார்கள். 1974 கிறிஸ்துமஸ் நாள் அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தரைமட்டமாக்கிய டிரேசி புயல், இந்த வழக்கப்படி 1975-இன் புயலாகிறது. காரணம் நியாயமானது, ஆனால் விளக்க ஆவணத்தைப் படிக்காமல் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுகிறவர், தேடிய புயல் இல்லையே என்று திரும்பிவிடுவார், அல்லது அதே பெயருள்ள வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாட்காட்டி ஆண்டுக்கு என்று தனியே ஒரு பத்தி வைத்திருக்கலாம். இப்போதைக்கு, ஒவ்வொரு வரியிலும் உள்ள நாள், நேரப் பத்தியைப் பார்த்து உறுதி செய்துகொள்வதுதான் வழி.

இரண்டாவது, வட்டாரத்துக்கான ஈரெழுத்துக் குறிகள். வட அட்லாண்டிக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் குறி என்ஏ (NA). பைத்தானின் பாண்டாஸ், ஆர் போன்ற தரவு அலசும் மென்பொருள்கள், தனிக் கட்டளை கொடுக்காவிட்டால், இந்த இரண்டு எழுத்துகளை மதிப்பு இல்லாத வெற்றிடம் என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பு எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் திறக்கும், வட அட்லாண்டிக் என்ற வட்டாரம் மட்டும் காணாமல் போயிருக்கும். மரியாக்களை வட்டாரம் வாரியாகப் பிரிக்க முயலும் மாணவருக்கு மேற்குப் பசிபிக் மரியாக்கள் கிடைக்கும், அட்லாண்டிக் மரியாக்கள் கிடைக்காது. அதோடு தலைப்பு வரிக்கு அடுத்த வரியில் அலகுகளை எழுதியிருப்பதால், அந்த வரியையும் நீக்கிவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு இவை சின்ன விஷயங்கள்தான். புதியவர்களுக்கோ முதல் நாளே மனம் தளர்ந்துபோகக் காரணமாகிவிடும்.

பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேடுவதும் ஏமாற்றும். ஆங்கில எழுத்துகளில் ஹெலன் என்று தேடினால் 2013-இல் ஆந்திரக் கரைக்கு வந்த ஹெலனும், 2008-இல் டார்வின் அருகே வந்த ஹெலனும், 1995-இல் ஹாங்காங் அருகே கரையேறிய ஹெலனும் கிடைப்பதுடன், ஓர் எழுத்து கூடுதலாக உள்ள அட்லாண்டிக்கின் ஹெலீன்களும் உடன் வந்துவிடும். 2024-இல் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பேரழிவு உண்டாக்கிய பின் ஓய்வு கொடுக்கப்பட்ட பெயர் அது.

ஒரே புயலுக்கு இரண்டு பெயர்கள் அமைந்த நேர்வுகளை இந்தக் களஞ்சியம் ஓரளவு நன்றாகவே கையாள்கிறது. ஆஸ்திரேலியப் பக்கமிருந்து தென்மேற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழையும் புயலுக்கு முன்பெல்லாம் புதிய பெயர் வைப்பார்கள். 2000-இல் மொசாம்பிக்கைத் தாக்கிய புயல் லியோனாகப் பிறந்து எலீனாக முடிந்தது. இத்தகைய புயல்கள் இரு பெயர்களும் இணைந்து ஒரே எண்ணின் கீழ் பதிவாகியிருக்கின்றன. பிற்காலத்தில் பெயர் மாற்றும் வழக்கம் நின்றுபோனதால், 2023-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே உருவாகி, இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து, மலாவி வரை போய் 36 நாட்கள் நீடித்த ஃபிரெடி ஒரே பெயருடனேயே இருக்கிறது. 2009-இல் ஆஸ்திரேலியப் பகுதியில் வந்த ஃபிரெடி வேறு எண்ணில் தனியே இருக்கிறது. ஆனால் பிலிப்பைன்ஸ் சூட்டும் பெயர்களைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். 2013 நவம்பரில் 6,000-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட புயலை உலகம் ஹையான் என்கிறது. அதில் சிதைந்த தக்லோபன் நகர மக்கள் அதை யோலாண்டா என்றே அறிவார்கள். களஞ்சியத்தில் 2001, 2007, 2013 ஆகிய ஆண்டுகளின் ஹையான்கள் உண்டு, யோலாண்டா இல்லை. மிக அதிகமாக அடி வாங்கும் நாடுகளில் ஒன்று தன் மக்களிடம் பேசப் பயன்படுத்தும் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்காதது பெரிய குறை என்பதே என் கருத்து.

ஓய்வு பெற்ற பெயர்களைக் காட்டும் குறியீடும் இல்லை. டோராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் புளோரிடாவைத் தாக்கிய பின் அட்லாண்டிக்கில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. கிழக்குப் பசிபிக் பட்டியலில் அது தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் அந்தப் பெயருடன் வந்த புயல் ஹவாய்க்குத் தெற்கே கடந்து, சர்வதேசத் தேதிக் கோட்டையும் தாண்டி மேற்குப் பசிபிக் வரை போனது. அது கடந்துபோன நாட்களில் வீசிய கடுங்காற்று மாவி தீவின் காட்டுத்தீக்குத் துணைபோனதால் அந்தப் பட்டியலிலிருந்தும் டோரா நீக்கப்பட்டது. ஒரு பெயர் இரண்டு கடல்களில் இரண்டு முறை ஓய்வு பெற்ற இந்த வரலாற்றை அறிய, களஞ்சியத்தை மூடிவிட்டு வேறு பட்டியல்களைத்தான் நாட வேண்டும். உயிரிழப்பு, சேத விவரங்களும் இதில் கிடையாது; அவற்றை இதில் எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

காற்றின் வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், புது தில்லி மூன்று நிமிடச் சராசரியையும், டோக்கியோ பத்து நிமிடச் சராசரியையும் தருகின்றன. ஒவ்வொன்றும் தனிப் பத்தியில் இருப்பதால், அட்லாண்டிக் மரியாவையும் பசிபிக் மரியாவையும் ஒப்பிடுகிறவர் இரண்டுக்கும் அமெரிக்கப் பத்தியையே எடுத்துக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது பெயர்ப் பத்தியில் அடிக்கடி தென்படும் ஒரு சொல்: பெயரில்லாதது. டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரை 1900-இல் அழித்த புயலுக்கும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த புயலுக்கும், 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் போலா தீவையும் சுற்றியிருந்த கழிமுகத்தையும் விழுங்கி லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட புயலுக்கும் அந்தப் பத்தியில் ஒரே சொல்தான். புயல்கள் மிக அதிகமாகப் பகிர்ந்துகொண்ட பெயர் அதுவே. பெயரை நம்பித் தேடுகிறவருக்கு இந்தப் புயல்கள் கிடைக்கவே கிடைக்காது. நாளையும் இடத்தையும் கொண்டு தேடுகிறவருக்கு ஒவ்வொன்றும் தன் எண்ணுடன், தன் பாதையுடன் கிடைக்கும். மற்ற குறைகள் எல்லாம் இருந்தும் இந்தக் களஞ்சியத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

கோப்புகளைக் கையாளும் பழக்கம் இல்லாதவர்கள், இதே தரவைக் கொண்டு நோவா நடத்தும் வரலாற்றுப் புயல் பாதைகள் என்ற வரைபடத் தளத்தில் தொடங்கலாம். அங்கே பெயரும் ஆண்டும் சேர்ந்தே காட்டப்படுவதால் வேண்டிய கத்ரீனாவைச் சொடுக்கி எடுப்பது எளிது. ஆய்வுக்கோ நூலுக்கோ கட்டுரைக்கோ எழுதுகிறவர்கள் மூலக் கோப்பையே இறக்கிக்கொள்ளட்டும். பெயருக்குப் பக்கத்தில் கடலையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதட்டும். அடிக்குறிப்பில் அந்த 13 குறிகளையும் சேர்த்துவிட்டால், பிறகு வருகிறவர் எந்த மரியா என்று கேட்க வேண்டியிருக்காது.